பருந்து பறப்பதற்கு முன் என்ன செய்யும் தெரியுமா?

முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள். செம்பருந்து ஒன்று தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வருகிறது. சிறகு இரண்டும் விரிந்திருக்க, கால்கள் முன்னுக்கு நீண்டிருக்க, நகங்களுக்கிடையில் ஒரு சின்ன மீன் துடிக்கிறது. பருந்தின் கண்ணில் சூரியன் ஒரு புள்ளியாக மின்னுகிறது. பின்னால் கண்டல் மரங்கள் பச்சையாகக் கலங்கித் தெரிகின்றன. எவ்வளவு அமைதியான படம்!

இனிப் படத்துக்கு வெளியே நடந்ததைக் கேளுங்கள். வள்ளத்தின் அணியத்தில் ரீச்சர் குப்புறப் படுத்திருக்கிறார். அவருடைய லைஃப் ஜாக்கெற்றின் பட்டியை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். பின்னால் வள்ளக்கார அண்ணை என்ஜினை நிறுத்திவிட்டு, நீளக் கம்பைச் சேற்றில் ஊன்றி, வள்ளம் திரும்பிவிடாதபடி முழுப் பாரத்தையும் அதில் கொடுத்து நிற்கிறார். தலைக்கு மேலே காகங்கள் கத்திக் கொல்லுகின்றன. "வருது… வருது… பொறுங்க ரீச்சர்… இப்ப!" கமரா படபடவென்று அடிக்கிறது. மூன்று செக்கன். அவ்வளவுதான்! மீனோடு பருந்து போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் கரையில் நின்ற கொக்கும் எழும்பிப் போய்விட்டது.

அந்த மூன்று செக்கனுக்குப் பின்னால் எவ்வளவு வேலை, எவ்வளவு தந்திரம், எவ்வளவு கொண்டாட்டம் இருக்கிறது என்று காட்டத்தான் உங்களையும் வள்ளத்தில் ஏற்றுகிறேன். வாங்கோ!

யாலவுக்கோ வில்பத்துவுக்கோ போனோம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்து, கொட்டாஞ்சேனையில் ரீச்சரை ஏற்றிக்கொண்டு, மட்டக்குளி பாலத்தில் களனி கங்கையைக் கடந்து, ஹெந்தலைப் பக்கமாகப் பமுனுகம வீதியில் போனால் முத்துராஜவெல சதுப்புநிலம் வந்துவிடும். விடியற்காலை வீதியில் வாகனம் இல்லாதபோது வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணித்தியாலம் எடுத்தாலே அதிகம். போப்பிட்டியவில் இருந்து வள்ளங்கள் புறப்படுகின்றன. முதலில் ஹமில்டன் கால்வாய், பிறகு நீர்கொழும்புக் களப்பு.

அந்தக் கால்வாய்க்கு இரண்டு நூற்றாண்டு வயது. ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். முத்துராஜவெலவில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. கடல்நீர் உள்ளே ஏறி வயல் உப்பாகிப்போனது. அந்த உப்புநீரை வடித்துவிடலாம் என்று வெட்டிய கால்வாய் இது. நெல் திரும்பி வரவில்லை, பறவைகள் வந்தன! சதுப்புநிலம் ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர், களப்பு அதற்குக் கொஞ்சம் கூட. இரண்டும் சேர்ந்தால் 6,000 ஹெக்டேயருக்கு மேல். சதுப்பின் வடபகுதியை 1996இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கொழும்பின் வாசலிலேயே முதலையும் தேவாங்கும் கடற்கழுகும் குடியிருக்கும் நிலம். இப்படி எத்தனை நகரத்துக்குக் கிடைத்திருக்கிறது?

ரீச்சர் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிறவர். வள்ளக்கார அண்ணை நீர்கொழும்பு மீனவக் குடும்பம். தமிழும் சிங்களமும் ஒரே வசனத்துக்குள் கலந்து வரும். ரீச்சரின் பெயர் அவருக்குத் தெரியுமோ தெரியாது. ரீச்சர் என்றால் ரீச்சர்தான்.

கூத்து முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது. கமராவை ஏசி அறையில் வைக்கக்கூடாது. குளிரில் கிடந்த லென்ஸைக் களப்பின் ஈரக்காற்றில் எடுத்தால் கண்ணாடி பூத்துப்போய் அரை மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. முதல் அரை மணித்தியால வெளிச்சம்தான் தங்கம்! அதனால் ரீச்சர் வீட்டில் கமரா பை இரவு முழுக்க விறாந்தையில். பற்றரி இரண்டு, மெமரி கார்ட் இரண்டு, உப்புத்தண்ணீர் தெறித்தால் துடைக்க மெல்லிய துணி, மழைக்குப் பொலித்தீன் உறை. லென்ஸ் 150–600 மில்லிமீற்றர், கைக்குழந்தைப் பாரம். உடுப்பு சேற்று நிறத்தில். வெள்ளைச் சட்டையோடு வந்தால் ரீச்சர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிறகு அந்தப் பை! பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே பயறு நிரப்பிய பை. முக்காலி கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். வள்ளத்தில் முக்காலி கூடவே கூடாதாம். என்ஜின் அதிர்வு கால் மூன்றிலும் ஏறி நேரே லென்ஸுக்குப் போய்விடும். பயற்றம்பையை வள்ளத்தின் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அதிர்வைப் பயறு குடித்துவிடுகிறது. இலட்சக்கணக்கில் விலைபோகும் லென்ஸ் ஒன்று கடைப் பயற்றின் மேல் சொகுசாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

வள்ளம் புறப்பட்டதும் ரீச்சர் என்னிடம் ஒரு வேலை தந்தார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பறவை காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். காற்று எங்கள் முதுகில் பட்டால் பறவை எங்களைப் பார்த்து வரும். சூரியனும் முதுகுப்பக்கம் இருந்துவிட்டால் முகம், கண், நகம் எல்லாவற்றிலும் வெளிச்சம். இரண்டும் ஒன்றாக அமைவது எல்லா நாளும் நடக்காது. காற்று ஒரு பக்கமும் வெளிச்சம் மறுபக்கமுமாக இருக்கும் காலையில் ரீச்சர் பறக்கும் படத்துக்கு ஆசைப்படுவதில்லை, கொப்பில் இருக்கும் பருந்தின் முகத்தை எடுக்கப் போய்விடுவார். இந்தச் சின்ன விஷயம் தெரிந்த நாள் முதல் வெள்ளவத்தைக் கடற்கரையில் காகம் எழும்பினால்கூடக் காற்றைத்தான் பார்க்கிறேன்.

கால்வாயின் வளைவு தாண்டியதும் முதல் செம்பருந்து. காய்ந்த மரத்து உச்சியில், வெள்ளைத் தலையும் செம்மண் நிறச் சிறகுமாக. கும்பாபிஷேகத்தன்று பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு மேலே வட்டமிட்டால் கைகூப்பிக் கும்பிடுவோமே, அந்தக் கருடனேதான்! கோயில் வீதியில் அண்ணாந்து பார்க்கும்போது அடிவயிறும் சிறகும் நிழலாகத்தான் தெரியும். இங்கே கண்மட்டத்தில், பத்துப் பதினைந்து மீற்றரில், அலகின் மஞ்சளும் கழுத்து இறகின் மெல்லிய கோடுகளும் எண்ணக்கூடியதாக இருந்தது. எனக்குக் கை தானாகக் குவிந்துவிட்டது.

இனி அண்ணையின் வித்தையைப் பாருங்கள். அவர் அணியத்தை ஒரு தரமும் பருந்துக்கு நேரே திருப்பவில்லை. நேரே போனால் வேட்டை, பக்கமாகப் போனால் பயணம். பறவைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேறெங்கோ போகிறவர்போல வளைந்து வளைந்து கிட்டப் போனார். தூரத்திலேயே என்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பால் தள்ளினார். நான் பரபரத்துப் போனைத் தூக்கியபோது மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, அவசரப்படாதீங்க. அவன் இன்னும் போகமாட்டான். போறதெண்டா முதல்ல சொல்லுவான்."

பருந்து சொல்லுமா? சொல்லும்! இதுதான் நான் உங்களிடம் சொல்லத் துடித்த இரகசியம். பறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பருந்து உடம்பை முன்னுக்குச் சரித்து, வாலைத் தூக்கி, எச்சம் பீச்சிவிடும். பாரத்தைக் குறைத்துக்கொண்டு புறப்படுகிறது என்கிறார்கள் பறவைப் படக்காரர்கள். அதைக் கண்டதும் ரீச்சரின் விரல் ஷட்டரில் இறங்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணுவதற்குள் பருந்து கொப்பை விட்டிருந்தது. உலகமெங்கும் நீங்கள் பார்த்துப் பிரமித்த எத்தனையோ கம்பீரமான கழுகுப் படங்களுக்குச் சில செக்கனுக்கு முன்னால் இதுதான் நடந்திருக்கும்!

கமராவின் உள்வேலையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் செக்கனில் 2,500இல் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் சிறகு நுனி கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை இயந்திரத்தின் கையில் விட்டுவிடுகிறார். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டர் இருந்தும் வேகமான பறப்புக்கு அதைப் பாவிப்பதில்லை. அவருடைய கமராவில் அது சிறகை ரப்பர்போல வளைத்துவிடும். வெளிச்ச அளவுதான் பெரிய தலையிடி. இருண்ட கண்டலுக்கு முன்னால் வெள்ளைத் தலைப் பருந்து வந்தால் தலை வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும், அதனால் ஒரு படி குறைக்க வேண்டும். அதே பருந்து வானத்தில் ஏறினால் கரிக்கட்டை, ஒரு படி கூட்ட வேண்டும். பறவை கண்டலில் இருந்து வானத்துக்குப் போக எடுக்கும் அரைச் செக்கனில் ரீச்சரின் பெருவிரல் அந்தச் சில்லைச் சுழற்றிவிடுகிறது. நான் பருந்தை விட்டுவிட்டு அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்!

ஆற்றிலும் களப்பிலும் படம் எடுப்பதற்கென்றே ஒரு பரிசு உண்டு. நிலத்தில் நின்று பறக்கும் பருந்தை எடுத்தால் சிறகின் அடிப்பக்கம் இருண்டிருக்கும். தண்ணீருக்கு மேலே தாழப் பறந்தால், காலைச் சூரியன் நீரில் பட்டுத் திரும்பிச் சிறகின் அடியில் ஏறுகிறது. செம்பருந்தின் அடிச்சிறகு நெருப்பாக எரியும். அதை எந்த மென்பொருளாலும் பிறகு சேர்க்க முடியாது.

களப்பு திறந்ததும் காட்சி மாறிவிட்டது. ஆழமில்லாத அகன்ற தண்ணீர். ஆங்காங்கே மீனவர்கள் கண்டல் கொப்புகளை வட்டமாக ஊன்றி வைத்திருந்தார்கள். சில வாரம் விட்டால் மீன்கள் அதற்குள் குடிவந்துவிடும், பிறகு வலை சுற்றி வளைத்துப் பிடிப்பார்கள். நீர்கொழும்பில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் முறை. மீனவர் வலை இழுக்கும் இடத்தில் செம்பருந்துகள் காத்து நிற்கின்றன. அண்ணை பருந்தைத் தேடுவதே இல்லை. யார் எங்கே வலை இழுக்கிறார் என்றுதான் தேடுகிறார்.

மீன் பிடிப்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாணி. செம்பருந்து தண்ணீருக்குள் விழாது, மேலே மிதக்கும் மீனைக் காலால் பொறுக்கிக்கொண்டு போய்விடும், பறந்துகொண்டே தின்னும். இறங்கி இருந்தால் காகங்கள் விடுமா? வாலைப் பிடித்து இழுத்தாவது மீனைப் பறிக்கப் பார்க்கும். கொழும்புக் காகத்திடம் தப்புவதற்குப் பருந்துக்கும் கெட்டித்தனம் வேண்டும்! விராலடிப்பான் இதற்கு நேர்மாறு, காலை முன்னுக்கு நீட்டியபடி பாய்ந்து, சில வேளை உடம்பு முழுவதுமே தண்ணீருக்குள் போய்விடும். அதன் வெளிவிரல் பின்னுக்கும் திரும்பக்கூடியது, வழுக்கும் மீனை முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல் என்று பூட்டிக்கொள்ளும். வலசை வருகிற பறவை என்பதால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அதிர்ஷ்டம் இருந்தால் காணலாம். கண்டலுக்குள் சின்ன வல்லூறு ஒன்று அணில்களையும் ஓணான்களையும் கலங்கடித்துக்கொண்டிருக்கும். தவிட்டு நிறத்தில் ஒரு பருந்தைக் கண்டால் கரும்பருந்து என்று எழுதிவிடாதீர்கள். செம்பருந்தின் குஞ்சும் தவிட்டு நிறம்தான். வாலைப் பாருங்கள். நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து, நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து.

கடைசியில் வந்தது அவர்! வெண்வயிற்றுக் கடற்கழுகு. சிறகு விரித்தால் இரண்டு மீற்றரையும் தாண்டும். செம்பருந்தின் சிறககலம் அதில் ஏறத்தாழப் பாதிதான். முதலில் குரல்தான் கேட்டது, வாத்து கத்துவதுபோல உரத்து. ஒன்று கத்த, மற்றது பதில் சொன்னது. சோடி! ஒரே துணையோடு ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, ஒரே கூட்டை வருடா வருடம் பெருப்பித்துக்கொண்டே போகும் பறவை. கூடு இருக்கும் திசை அண்ணைக்குத் தெரியும். அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பவே இல்லை. ரீச்சரும் கேட்கவில்லை. கூட்டுக்குக் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும், வெறுமையான கூட்டைக் காகம் ஒரு நிமிடத்தில் காலி செய்துவிடும். கழுகுகள் தாமாக எங்கள் தலைக்கு மேலால் வந்தன. ரீச்சர் எடுத்தார். நான் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். மீன் தலையோ கோழித் தோலோ எறிந்தால் பருந்துகள் கூட்டமாக வந்து வள்ளத்தைச் சுற்றும், படமும் சுலபம். மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் படகுகள் கோழித் தோல் எறிந்து செம்பருந்துகளையும் கடற்கழுகுகளையும் பழக்கிவிட்டன, அதை நிறுத்தச் சொல்லிப் பறவையியலாளர்கள் போராட வேண்டியதாயிற்று. வேட்டையாடப் பழக வேண்டிய குஞ்சு படகுச் சத்தத்தைக் கேட்டு ஓடிவரப் பழகிவிட்டால் அதன் வாழ்வு நம் கைக்குள் வந்துவிடுகிறது. படமாகப் பார்த்தாலும் தோல்விதான். எறிந்த இரைக்கு இறங்கும் பருந்தெல்லாம் ஒரே மாதிரி, அதே கோணம், அதே பார்வை. ரீச்சரின் சட்டம் கண்டிப்பானது: வலையிலிருந்து மீனவர் எறிவது அவருடைய தொழில், நாங்கள் ஒரு துண்டும் எறிவதில்லை.

வெயில் ஏறியதும் வேலை முடிந்தது. எட்டரைக்குப் பிறகு தண்ணீருக்கு மேலே காற்று சூடாகி அசைய, தூரத்துப் பறவை எல்லாம் நடுங்கித் தெரியும். கரைக்கு வந்து அண்ணை வீட்டுப் பிளேன்ரீயும் மீன் பாணும். பிறகு கொட்டாஞ்சேனையில் ரீச்சர் வீட்டுக் கணினிக்கு முன்னால் அடுத்த கூத்து. ஆயிரக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றாக அழிப்பு. எனக்கு நெஞ்சு பதைக்கிறது, அவர் அழித்துக்கொண்டே போகிறார். சிறகு நன்றாக இருந்த ஒரு படத்தை ஏன் அழித்தார் என்று கேட்டேன். கண்ணைப் பெருப்பித்துக் காட்டினார். பால் படர்ந்த மாதிரி மங்கல். பறவைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, பக்கவாட்டில் ஓடிக் கண்ணைத் துடைத்துக் காக்கும் மெல்லிய சவ்வு. சரியாக அந்தக் கணத்தில் ஷட்டர் விழுந்திருக்கிறது. இரையைப் பிடிக்கும் நேரத்தில் இது அடிக்கடி நடக்கும். மற்ற எல்லாம் கச்சிதமாக இருந்தும் கண் செத்திருந்தால் படம் செத்ததுதான். மிஞ்சியவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதில் ஒன்றுதான் நீங்கள் முதலில் பார்த்தது.

கொழும்பில் பறவையைப் பதிவுசெய்யும் பைத்தியம் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த ஜோன் கிடியோன் லோட்டன், இலங்கையிலேயே பிறந்த டி பெவெரே என்ற ஓவியரை வைத்து இந்தத் தீவின் பறவைகளை வரைவித்தார். அந்த ஓவியங்களைப் பார்த்துத்தான் ஐரோப்பா நம் பறவைகள் பலவற்றை முதலில் அறிந்தது. தூரிகை போய் லென்ஸ் வந்திருக்கிறது. பறவையின் கண்ணைச் சரியாகப் பிடிக்க வேண்டுமென்ற தவிப்பு மாறவில்லை.

ஆனால் பறவை இருக்க நிலம் இருக்க வேண்டுமே. 2018 ஒக்டோபரில் உலகிலேயே முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரங்கள் என்று அறிவிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. எவ்வளவு பெருமை! ஆனாலும் 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது பிளாஸ்ரிக் மணிகள் வந்து குவிந்தது இதே பமுனுகமவுக்குப் பக்கத்துச் சரக்குவக் கடற்கரையில். அதே ஆண்டில் முத்துராஜவெல நிலத்தைப் பற்றிய வர்த்தமானி அறிவித்தலை எதிர்த்துக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் சூழல் அமைப்புகளும் நீதிமன்றப் படியேறினார்கள். குப்பையும் மண் நிரப்பலும் சதுப்பின் ஓரங்களை இன்னும் தின்றுகொண்டிருக்கின்றன. கொழும்புக்கு வெள்ளம் வரும்போது தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும் நிலமும் இதுதான்.

ஆகவே போங்கள். ஆசை பெருகினால் பிறகு கல்லோயாவுக்குப் போய்ச் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகேறி சாம்பல்தலை மீன்கழுகைத் தேடலாம், அது வேறு கதை. முதலில் வீட்டு வாசலில் இருப்பதைப் பாருங்கள். பெரிய லென்ஸ் வேண்டியதில்லை, ஒரு சாதாரண தொலைநோக்கி போதும். கமரா இருந்தால் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் பின்னேரங்களில் பறக்கும் காகங்களை எடுத்துப் பழகுங்கள், காகத்தை முழுச் சட்டத்துக்குள் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பருந்து சுலபம். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளில், விடியும்போதே வள்ளத்தில் இருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெற் கேட்டு வாங்குங்கள். ஏறுவதற்கு முன் வள்ளக்காரரிடம் இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: பறவைக்கு இரை எறியக்கூடாது, பறவையைக் கண்டால் என்ஜினை நிறுத்த வேண்டும். அதற்குச் சம்மதிக்கிற வள்ளக்காரருக்குப் பேசிய காசுக்கு மேலே கொஞ்சம் கூடக் கொடுங்கள்.